ஆள் கிளம்பிட்டாங்க

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்ல என்னிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. பதட்டப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க. முதல் இரண்டும் அவர்கள் நன்மைக்கு. மூன்றாவது பொய். ஆள் அநேகமாக அப்போதுதான் டீயில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்தப் பொய் காதில் விழுந்ததும் மறுமுனையில் மூச்சு சீராகிவிடும். லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே குரலில் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மெக்கானிக். யார் எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவது நான். அதனால் ஆபீசில் எல்லோருக்கும் என்னைக் கிண்டல் செய்ய ஒரு விஷயம் கிடைத்தது. புருஷனை ஊரெல்லாம் அலையவிட்டு வேடிக்கை பார்க்கிறேனாம். நான் அனுப்பாவிட்டாலும் அவர் போவார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் பாதித் தட்டில் எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் பல வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். குளிப்பாட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்தது நான். இவர் என்ன செய்தார் என்றால், பழைய லிஃப்ட் கதவின் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் பொருத்தினார். பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் தானாக உயரும். வந்தவர் போனவர் எல்லாம் வாயைப் பிளந்தார்கள், இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். அந்தக் கட்டிலின் ஓரத்தில் அவர் உட்கார்ந்து அம்மாவோடு பேசி நான் பார்த்ததில்லை. அத்தையும் பாவம், மகன் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் ஏதோ மோட்டார் சரியில்லை என்று சொல்வார். அப்படிச் சொன்னால்தான் அவன் கொஞ்ச நேரம் நிற்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அத்தை போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் ரேடியோவைக் கழற்றுவார், பூட்டுவார். நான் பார்ப்பேன். ஒரு நாள் அக்காவிடம் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அத்தான் போனதிலிருந்து அக்கா தனியாக இருக்கிறாள். குடியிருந்தவர்கள் காலி செய்ததில் மாடி அறை சும்மா கிடக்கிறது.

“பேசாம வந்துடு. ரூம் இருக்கு, ஜன்னல் இருக்கு, நான் இருக்கேன்,” என்றாள்.

“சண்டை ஒண்ணும் இல்லக்கா. அடிக்கிறாரா, குடிக்கிறாரா? எதைச் சொல்லிட்டு வர்றது?”

“அப்ப அவர்கிட்டயே கேளு. உனக்கு நான் வேணுமா வேணாமான்னு.”

கேட்க முடியாமலா இருந்தேன்? நான் வாயைத் திறந்தாலே அவர் எழுந்துவிடுவார். குழாய் சொட்டுகிறது, கதவு கிறீச்சிடுகிறது, ஏதோ ஒன்று அவரைக் கூப்பிடும். அப்போதுதான் எனக்குப் படகு ஞாபகம் வந்தது. மலைமேல் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. எங்களுக்கு அதன் பெயர் நன்றாகத் தெரியும், ஏனென்றால் மெக்கானிக்குகள் யாரும் போக விரும்பாத ஊர் அது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பாதிப் பேருக்கு வாந்தி வந்துவிடும். அந்த ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுகிறார்கள். நடு ஏரியில் படகிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. அங்கே வைத்துக் கேட்பேன். அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து மாடி அறையைப் பற்றி முடிவு செய்வேன். அக்காவிடம் படகு விஷயத்தைச் சொல்லி, போயிட்டு வந்து சொல்றேன் என்றேன்.

கேட்டவுடன் இவர் மறுப்பார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் பேச்சை எடுத்தேன். முதல் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை, ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவராகச் சொன்னார்.

“அந்த ஏரி ஊருக்குப் போலாம். வர்ற சனி, ஞாயிறு.”

“நிஜமாவா?”

“நீதானே கேட்டுக்கிட்டே இருந்த. மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன்.”

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்துபோய் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். வயதுக்கு வந்த பெண்போல மனசு துள்ளியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் துள்ளியது.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. போனில் ஏரியின் படங்களைப் பார்த்துப் பார்த்து பாட்டரி தீர்ந்தது. கரையோரம் மரத்தால் கட்டின குட்டி வீடுகள் வாடகைக்கு இருந்தன, வாசலில் இருந்து கால் நீட்டினால் தண்ணீர். அதைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கடைத்தெருவுக்குப் பின்னால் நான்கு மாடி ஹோட்டல் ஒன்று இருக்கிறதாம், அங்கே தங்கலாம் என்றார். அதன் படத்தையும் பார்த்தேன். சுவரில் பெயின்ட் உரிந்து தொங்கியது. ஏரி தெரியவேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் போகவேண்டும்.

“இவ்ளோ தூரம் போயி இதுலயா தங்கறது?”

“அங்க தெரிஞ்ச ஆளு இருக்காரு. நல்லா கவனிச்சுப்பாங்க.”

தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் சரி. அவருக்காவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். கடைக்குப் போய் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், அடர் நீலம். எனக்கு ஒரு சால்வை. பையை முன்கூட்டியே எடுத்துவைத்து, அடியில் அவர் ஸ்வெட்டர், மேலே என் துணி என்று அடுக்கினேன். படகில் எந்தப் பக்கம் உட்காருவது, பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். முதலிலேயே கேட்கக் கூடாது. அத்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு மெதுவாகக் கொண்டுவர வேண்டும்.

ஆபீசில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “சனி, ஞாயிறு பலகையில உங்க வீட்டுக்காரர் கட்டத்தைக் காலியா விட்டுடுங்க, அதை நான் பாத்துக்கறேன்,” என்றார். லீவு என்று நினைத்துக்கொண்டேன். “ரொம்ப நன்றி சார், நாங்க ரெண்டு பேரும் வெளிய போயி எவ்ளோ நாளாச்சு தெரியுமா,” என்றேன். அவர் மேஜைமேல் பேனாவைத் தேடினார். பேனா அவர் கையில்தான் இருந்தது. பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது.

“வணக்கம், சொல்லுங்க,” என்றேன்.

“மேடம், ஏரி ஹோட்டல்ல இருந்து பேசறேன், மேனேஜர். சனிக்கிழமை நம்ம லிஃப்ட்டுக்குப் பெரிய சர்வீஸ் பண்ண ஆள் வர்றாரே, அதைப் பத்தித்தான்.”

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். சனிக்கிழமை அப்படி ஒரு வேலை எழுதப்படவில்லை. பெரிய சர்வீஸ் எல்லாம் மேனேஜர் நேரடியாகப் பேசி முடிப்பார், ஆளைத் தீர்மானித்தபிறகுதான் எனக்குச் சொல்வார்.

“சொல்லுங்க சார்.”

“அவர் சம்சாரத்தையும் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. சரின்னுட்டேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு நாளும் அவர் லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ளதான் இருப்பேன்னு சொல்றாரு. அந்தம்மா தனியா ரூம்லயே உக்காந்திருக்கணுமே. டிவி வேற ஓடல. சின்னப் பிரச்சனைதான், ஆனா அப்புறம் அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க.”

நல்ல மனுஷர். முகம் தெரியாத ஒருத்தியின் மனசு கஷ்டப்படக் கூடாது என்று போன் செய்திருக்கிறார். எனக்குக் காது கொதித்தது. ஆனால் குரல் என்ன செய்தது தெரியுமா? வருஷக்கணக்காகப் பழகின குரல், அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்தது.

“அதனால ஒண்ணுமில்ல சார். அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.”

“அப்படியா? உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?”

“தெரியும் சார். பழகினவங்கதான்.”

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். கணக்குப் பார்க்கிறவர் கம்ப்யூட்டருக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டோர் அறைக்காரர் என் கண்ணைப் பார்த்ததும் எதையோ எடுக்க உள்ளே போனார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஸ்வெட்டரின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் தெரிந்திருக்கிறது. ஒருத்தராவது வாயைத் திறக்கவில்லை. நான் ஊருக்கெல்லாம் சொல்லுகிற பொய்யை அவர்கள் கூட்டாகச் சேர்ந்து எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றேன்.

“ஹோட்டல்காரர் போன் பண்ணினாரு சார்.”

அவர் முகம் தொங்கிப்போனது. “அவன் கேட்டு வாங்கின வேலைம்மா. யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. வீட்ல ரொம்ப நாளா கேக்கறாங்க, வேலையோட வேலையா கூட்டிட்டுப் போறேன்னான். நல்ல மனசோடதான் சொன்னான்.”

“வேலைன்னு எனக்குத் தெரிய வேணாம்னும் சொன்னாரா?”

“உங்களுக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு.”

பலகையை நான் எழுதுகிறவள். இத்தனை வருஷத்தில் அதில் எனக்காக ஒரு எழுத்துகூட மாற்றிக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“அந்த வேலைக்கு சார்ஜரை அனுப்புங்க சார். இவருக்கு அந்த ரெண்டு நாளும் நிஜமாவே லீவு குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

சார்ஜர் என்பது இன்னொரு மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் போன் சார்ஜ் போட இடம் தேடுவான், அதனால் அந்தப் பெயர். மேனேஜர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

எதற்கு என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பழிவாங்க இல்லை. வேலையைச் சாக்கு வைத்து என்னைக் கூட்டிப்போக நினைத்தவர், சாக்கு இல்லாமல் கூட்டிப்போவாரா? அவ்வளவுதான் என் கேள்வி. போவார் என்று உள்ளுக்குள் ஒரு சபலம் இருந்தது. வாயால் என்ன திட்டினாலும் சபலம் சாவதில்லை. அன்று சாயங்காலமே கரையோர மரவீட்டுக்குப் போன் போட்டு, காலியாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். பையை மூலையில் வைத்தார், வாசல் பக்கம் இருந்த என் பயணப் பையைப் பார்த்தார், பார்க்காத மாதிரி சமையலறைக்குள் வந்தார்.

“அங்க மழையாம்,” என்றார்.

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.”

“மழை பெஞ்சா என்ன. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.”

தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அதை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

“அந்த ஹோட்டல்ல லிஃப்ட் வேற ரிப்பேராம். நாலு மாடி ஏறணும்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்கிக்கொண்டேன். “ஏரிக்கரையில மரவீடு காலியா இருக்கு, கேட்டு வெச்சிருக்கேன். அதுல மாடியே கிடையாது.”

அவர் மாட்டிக்கொண்டார். எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு பேசும் பேச்சைக் கேட்டவள் நான், எனக்குத் தெரியும். முதலில் பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்ப்பார்கள், பிறகு கதவைத் தள்ளுவார்கள்.

“ரெண்டு நாள் அங்க போயி என்ன பண்றது?” என்றார்.

“ஒண்ணும் பண்ண வேணாம். உக்காந்திருக்கலாம்.”

“சும்மாவா?”

“என்கூட.”

அவர் யோசித்தார். அதைச் சொல்லியாக வேண்டும், உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. ஒரு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பார்க்கிற முகம்தான், ஆனால் இந்த முறை பார்த்தது என்னை. அந்த நேரத்தில் அவர் சரி என்று சொல்லியிருந்தால், அரைமனசாகச் சொல்லியிருந்தால்கூட, எல்லாவற்றையும் மறந்திருப்பேன். வெட்கம் கெட்டவள்தான் நான்.

“இன்னொரு தடவை பாத்துக்கலாம்,” என்றார். “அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்தா சொல்றேன். அப்ப கண்டிப்பா போலாம்.”

சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. கேள்வியைப் படகில் வைத்துக் கேட்க இருந்தேன். சமையலறையிலேயே பதில் வந்துவிட்டது. அவர் மிக்சியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறதே என்று திருப்புளியைத் தேடினார். நான்தான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சார்ஜர் எனக்குப் போன் செய்தான்.

“அண்ணி, நாளைக்கு மலைக்கு என்னைப் போகச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போகட்டுமா? அண்ணன் உங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த ரூமை எனக்குத் தருவாங்களா?”

“தருவாங்க. நான் பேசறேன்.”

“அவ ஏரியே பாத்ததில்ல அண்ணி.”

“வேலையை சனிக்கிழமை மதியத்துக்குள்ள முடிச்சுடு. முடியலைன்னாலும் விட்டுட்டுப் போ. அவளைப் படகுல கூட்டிட்டுப் போ.”

“லிஃப்ட் அரைகுறையா இருந்தா மேனேஜர் திட்டுவாரே.”

“புகார் வந்தா எனக்குத்தான் வரும்.”

ஹோட்டல் மேனேஜரைக் கூப்பிட்டு, வருகிற ஆள் மாறியிருக்கிறார், ஆனால் மனைவியும் வருகிறார் என்று சொன்னேன். டிவி ஓடுகிற அறையாக, முடிந்தால் மேல்மாடியில் ஏரி கொஞ்சமாவது தெரிகிற அறையாகக் கொடுங்கள் என்றேன். கண்டிப்பாக என்றார். முதலில் வருவதாக இருந்த அந்தம்மா ஏமாந்துபோயிருப்பாரே என்றும் கேட்டார். பழகிப்போயிருக்கும் சார் என்றேன்.

சனிக்கிழமை காலை இவர் கூடத்தில் பழைய துணியை விரித்து, மிக்சியின் உள்பாகங்களை வரிசையாகப் பரப்பி உட்கார்ந்திருந்தார். விசிலடித்தார். லீவு நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் பை கட்டினபடியே இருந்தது, பெரிதாக ஒன்றும் எடுத்துவைக்க வேண்டியிருக்கவில்லை. அடியில் இருந்த நீல ஸ்வெட்டரை மட்டும் உருவி எடுத்தேன். அட்டைகூடப் பிரிக்கவில்லை. நாற்காலி முதுகில் போட்டேன். அந்த இடத்தில் என் வேலைக்கான துணி சரியாக அடங்கியது.

“எங்க?” என்றார், தலையைத் தூக்காமல்.

“அக்கா வீட்டுக்கு.”

“சரி. வரும்போது பெவிகால் வாங்கிட்டு வா.”

வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை, வாங்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இருந்திருந்தால் அவர் எப்போதாவது என்னோடு அதில் ஏறியிறங்கியிருப்பாரோ என்னவோ.

அக்கா கதவைத் திறந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “படகு என்ன சொல்லுச்சு?” என்றாள். “படகு வரைக்கும் போகவே இல்லக்கா,” என்றேன். அவள் பையை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஏரிக்குப் பதில் இதுவாவது கிடைத்ததே என்றாள் அக்கா, நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று மதியம் சார்ஜர் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மனைவி படகின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள், பயத்தில் கண்ணை மூடியிருந்தாள். துடுப்புப் போடுகிற கை அவனுடையதுதான். மழையே இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் இவர் போன் செய்தார். மிக்சியைப் பூட்டி முடித்திருப்பார். வீட்டில் கழற்ற வேறெதுவும் மிச்சம் இல்லை போலிருக்கிறது.

“என்ன, இன்னும் காணோம்? பெவிகால் கிடைச்சுதா?”

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாற்காலியில ஒரு ஸ்வெட்டர் கிடக்கே, யாருது?”

“உங்களுதுதான்.”

“எனக்கு எதுக்கு ஸ்வெட்டர், இந்த ஊர்ல?” என்றார். நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றியது. பிறகு கொஞ்சம் மாறின குரலில், “வீடு ஒரு மாதிரி இருக்கு. எப்ப வருவ?” என்றார்.

அக்கா அலமாரியில் என் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் குரல் தானாக வந்தது, எந்த நடுக்கமும் இல்லாமல், சுத்தமாக.

“பதட்டப்படாதீங்க,” என்றேன். “கிளம்பிட்டேன்.”

மறுமுனையில் அவர் மூச்சு சீரானது.